அப்பாகிட்ட சொல்லு

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் துரை எழுந்திருக்கவில்லை. போர்வையை உருவினேன், சுருண்டுகொண்டான். முகத்தில் தண்ணீர் தெளித்தேன், தலையணைக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டான். பதினைந்து வயது. மீசை அரும்பிவிட்டது, புத்திதான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. விடிய விடியக் கம்ப்யூட்டரில் ஆளைச் சுட்டுக்கொண்டிருந்தால் காலையில் எப்படி எழுந்திருக்க முடியும்?

கூடத்தில் அந்த மனிதர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு இந்த மினுமினுப்பு? பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் கட்டை மாதிரி கிடக்கிறான், தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டுமே! நான் அறைக்குள்ளிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

"டேய், உங்கப்பாகிட்ட சொல்லு. புள்ளையை எழுப்புறது ஒருத்தி தலையெழுத்து மட்டும் இல்லைன்னு."

போர்வைக்குள்ளிருந்து துரை: "அப்பா, அம்மா உங்களையும் வந்து எழுப்பச் சொல்றாங்க."

கூடத்திலிருந்து: "இவ்வளவு நாள் செல்லம் குடுத்தவங்களே எழுப்பட்டும்னு சொல்லு."

"அம்மா, அப்பாவுக்கு லேட் ஆயிடுச்சாம்."

மூன்று பேரும் பத்தடிக்குள்தான் இருந்தோம்.

ஜூன் 5, வியாழன்

மதியம். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே பிரஸ்காரர் யாருடைய கோட்டுக்கோ ஸ்டீம் கொடுக்கிறார், அந்தப் புழுக்கம் கவுண்டர் வரைக்கும் வருகிறது.

காலையில் ஒருவர் பாக்கெட் முழுக்க மை கசிந்த சட்டையைக் கொண்டுவந்து, கறை எங்கள் கடையில்தான் பட்டது என்று சாதித்தார். துணி வாங்கும்போதே ஒவ்வொரு கறையையும் பார்த்துச் சீட்டில் எழுதிக் குத்தி அனுப்புகிறவள் நான். விடுவேனா? பேசிய பேச்சில் கடைசியில் அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். டிரை கிளீனிங் கடைக் கவுண்டரில் எனக்குச் சோறு போடுவதே இந்த வாய்தான்.

இந்த வாயைத்தான் அவர் மூடச் சொன்னார். நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, சாப்பாட்டுப் பந்தியில், இருபது பேர் நடுவில். "இவ வாயைத் திறந்தா வீடு ரெண்டாயிடும். மூடிக்கிட்டு இருந்தா புண்ணியமாப் போகும்." எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துரை மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, மூடிக்கொண்டேன். அன்றையிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போனில் மெசேஜும் கிடையாது, அதுவும் பேச்சுதானே. "தெரியாம சொல்லிட்டேன்"னு ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் பார்க்கலாம். எட்டு மாசமாச்சு. வந்ததா? வரலை. அவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் பேசாவிட்டால் அவரும் பேசமாட்டாராம்.

ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பையன் இருக்கிறான், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறான்.

ஜூன் 8, ஞாயிறு

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறான். நாள் முழுக்க. காதில் அந்தப் பெரிய ஹெட்செட், கறுப்பு இட்லித்தட்டு மாதிரி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு. சாப்பிடக் கூப்பிட்டேன், கேட்கவில்லை. கதவைத் தட்டினேன், கேட்கவில்லை. உள்ளே போய்த் தோளைத் தொட்டால் தேள் கொட்டியது மாதிரி துள்ளுகிறான்.

"என்னம்மா! என்ன சொல்லணும்? யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்லை. சோறு ஆறுது."

"இதோ வரேன்."

வரவில்லை. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் உள்ளே எப்படிப் பேசுகிறான்! "நீ பின்னாடி வா. பயப்படாதே, நான் பார்த்துக்கிறேன். டேய் சூப்பர்டா!" சிரிக்கிறான் வேறு. எவனிடம்? முகம் தெரியாத நாலு பேரிடம். அவர்கள் இவனைக் கேப்டன் என்று கூப்பிடுகிறார்களாம். கேப்டனாம் கேப்டன்! தின்ற தட்டை எடுத்துப் போடத் தெரியாத கேப்டன்.

பொறாமையாக இருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம்.

ஜூன் 11, புதன்

பள்ளியிலிருந்து போன். கடைசிப் பரீட்சையில் மூன்று பாடத்தில் பெயில், வருகையும் குறைவு. இருபதாம் தேதி பெற்றோர் இருவரும் வரவேண்டுமாம். இருவரும்!

ஜூன் 12, வியாழன்

வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். கடைக்கு வந்த காலேஜ் பெண் ஒருத்திதான் சொல்லிக்கொடுத்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி எழுத்தும் எண்ணும் கலந்து போட்டேன். இனி எப்படி ஆடுகிறான் பார்க்கலாம் என்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அந்த மனிதர் வந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கம்பெனியிலிருந்து மறுநாள் எந்தக் கட்டிடத்துக்குப் போகவேண்டும் என்று அதில்தான் வரும். "டேய், நெட் வரலை. அம்மாகிட்ட கேளு."

துரை என் முன்னால் வந்து நின்றான். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "அம்மா, அப்பா புது பாஸ்வேர்ட் கேக்கிறாரு."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. இதை யோசிக்கவே இல்லையே!

கடைசியில் ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து, சுற்றிலும் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். "பிரிக்காம அப்படியே உங்கப்பாகிட்ட குடு. பிரிச்சே, தொலைச்சிடுவேன்."

சத்தியமாகப் பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் பின்களைப் பிடுங்கிப் பிரித்து, தூரத்தில் வைத்துப் பார்த்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கண்ணாடியை வேலையில விட்டுட்டு வந்துட்டேன். இதை நீயே என் போன்ல போட்டுக் குடுடா" என்றார்.

அடுப்படியில் நின்று கரண்டியால் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். அவரிடம் கத்தினால் பேசினதாகிவிடும்.

ஜூன் 14, சனி

தலைவலி மண்டையைப் பிளக்கிறது. கடையில் கறை எடுக்கும் மருந்து வாடையால் வருவது. வந்ததும் படுத்துவிட்டேன்.

துரை ஒரு டம்ளரில் வெந்நீரும் மாத்திரையும் கொண்டுவந்தான். "அப்பா குடுக்கச் சொன்னாரு. தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"அவரா?"

"ஆமா. திங்கக்கிழமை கடைக்கு லீவு போடச் சொன்னாரு."

மாத்திரையை விழுங்கினேன். மனசு கொஞ்சம் இளகியது, பொய் சொல்வானேன். இத்தனை ரோஷத்திலும் ஒரு ஓரத்தில் ஈரம் இருக்கிறது போல. "அப்பாகிட்ட சொல்லு, பரவாயில்லைன்னு" என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிரஸ்காரர் ஒரு சாம்பல் நிறக் கோட்டின் முதுகைக் கருக்கிவிட்டார். ஏன்? இஸ்திரி மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அதே ஆட்டம்! மூன்று பிள்ளை பெற்ற ஆள். வெட்கங்கெட்ட ஜென்மம். முதலாளியம்மா காய்ச்சி எடுத்துவிட்டாள்.

நான் மட்டும் ஒன்று கேட்டேன். "வேலை கெடுதுன்னு தெரியுது இல்லை? நிறுத்திட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே?"

"பாதியில எழுந்திருக்க முடியாதுக்கா. கூட இருக்கிற நாலு பேரும் செத்துடுவாங்க."

"சாகட்டுமே, பொம்மைதானே!"

"பொம்மை இல்லைக்கா, ஆளு. நம்மளை நம்பி நிக்கிறான்."

சரிதான் போ. கோட்டுக்காரரும்தான் இவரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

மானம் கப்பலேறிவிட்டது.

பள்ளிக் கவுன்சிலர் ஒரு சின்னப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் பிளாஸ்டிக் செடி. என் அக்கா மகள் வயதுகூட இருக்காது, என்னைப் பார்த்து "சொல்லுங்கம்மா" என்கிறாள். மூன்று நாற்காலி. அவர் கதவோரம், நான் ஜன்னலோரம், துரை நடுவில். வெயில் என் கண்ணில் அடித்தது. பழக்க தோஷம், "டேய், உங்கப்பாவை அந்தத் திரையை இழுத்துவிடச் சொல்லு" என்றுவிட்டேன். துரை அவர் பக்கம் திரும்பி, "அப்பா, கர்ட்டன்" என்றான். அவர் இழுத்துவிட்டார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்ல இவனுக்கு எவ்வளவு நேரம் கேம் ஆட அனுமதி?"

அவர் முந்திக்கொண்டார். "நான் ஒரு மணி நேரம்னு சொன்னேன் மேடம். இவங்கம்மாதான் மூணு மணி நேரம் ஆடட்டும்னு சொல்லி அனுப்பினாங்க."

"யாரு, நானா? மேடம், மூணு மணி நேரம்னு சொன்னதே இவரு! நான் ஆடவே கூடாதுன்னேன்."

"நான் எப்போ சொன்னேன்? கேளுங்க மேடம், எப்போன்னு கேளுங்க."

மேடமும் நானும் ஒரே நேரத்தில் துரையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். துரை ஷூ நுனியைப் பார்த்தான்.

அயோக்கியப் பயல். ஆளுக்கொன்று சொல்லி, இரண்டு பேர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறான். மாதக்கணக்காக!

அந்தப் பெண் சொன்னாள்: "முதல்ல நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு நேரம் முடிவு பண்ணுங்க." அப்புறம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த துரையின் தலைக்கு மேல் எதையோ பார்த்தபடி, "பேசுவீங்க இல்லையா?" என்றாள்.

"அதெல்லாம் பேசுவோம் மேடம்" என்றேன். அவரும் அதையேதான் சொன்னார்.

ஜூன் 21, சனி

துரையை உட்காரவைத்துக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். இன்னும் என்னென்ன பொய்டா சொன்னே, ஒவ்வொண்ணா கக்கு.

அப்புறம் சொன்னான். நான் "சாக்ஸைக் கண்ட இடத்துல போடுற காட்டுமிராண்டி"ன்னா, இவன் "சாக்ஸைக் கூடையில போடணுமாம்" என்றுதான் சொல்வானாம். அவர் "உங்கம்மாவுக்கு வாய் இல்லைன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றால், இவன் என்னிடம் "அப்பா சிரிக்கிறாரு" என்பானாம்.

"அப்போ அந்தத் தலைவலி? மாத்திரை?"

சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"கேக்கிறேன் இல்லை? அப்பா கேட்டாரா இல்லையா?"

"இல்லை."

"லீவு போடச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவமானமா, ஆத்திரமா. அந்த மனிதரின் கருணைக்கு நான் இளகினேனே, "பரவாயில்லைன்னு சொல்லு" என்று வெட்கமில்லாமல் சொல்லி அனுப்பினேனே! கடையிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோல் மேஜையில் இருந்தது. எடுத்தேன். நேராக அவன் அறைக்குப் போய் ஹெட்செட் வயரை நறுக்கென்று வெட்டினேன்.

அவன் கத்தவில்லை. நான் கத்துவான் என்று நினைத்தேன். வெட்டின முனையை எடுத்துப் பார்த்தான். "இப்போ நீங்க ரெண்டு பேரும் பேசுறது எல்லாம் கேக்கும்" என்றான். மவுஸைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. அடுத்தது என் மேல்தான் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன். என் பிள்ளைக்குப் பயந்து நகர்ந்தேன்.

கூடத்தில் டிவி சத்தம் கொஞ்சம் குறைந்தது. யாரும் எழுந்து வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஹெட்செட் இல்லாமல் ஸ்பீக்கரில் ஆடுகிறான். வீடு முழுக்கத் துப்பாக்கி வெடிக்கிறது. வேண்டுமென்றேதான்.

நான் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாலு பேரின் குரலும் இப்போது கேட்கிறது. ஒன்று குழந்தைக் குரல், பத்து வயதுகூட இராது. இவன் அதற்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருகிறான்!

"டேய், உங்கப்பாகிட்ட கேளு, சாப்பிட வராரா இல்லையான்னு" என்று நான் குரல் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு பையன் சிரித்தான். "கேப்டன், தபால் வந்துடுச்சுடா. போய்ட்டு வா, நாங்க மறைஞ்சு நிக்கிறோம்."

இன்னொருவன்: "இன்னிக்கு எத்தனாவது தபால்?"

துரை "சும்மா இருங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனான். அப்பாவிடம் கேட்டான், என்னிடம் வந்து சொன்னான், திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எங்க வீட்டு விஷயம். சிரிக்கிறாங்க. பந்தியில சிரிச்ச மாதிரியே.

மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

அந்த மனிதர் குண்டைப் போட்டுவிட்டார். துரையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பப்போகிறாராம். ஒரு வருடம். அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே சாப்பாடு. அவள் கண்டிப்பில் பிள்ளை உருப்பட்டுவிடுவானாம். இதையும் துரைதான் வந்து சொன்னான்.

அவள் வீட்டுக்கா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே, அவளிடமா என் பிள்ளையைக் கொடுப்பேன்? நாளைக்கு ஊரெல்லாம் சொல்வாள், பெத்தவளுக்கு வளர்க்கத் துப்பில்லை, நான்தான் ஆளாக்கினேன் என்று. என் உயிர் போனாலும் நடக்காது. எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன். இந்த வீட்டில் என் முகம் பார்த்துப் பேசுகிறவனும் இவன் ஒருத்தன்தான்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. என் புள்ளை எங்கயும் போகமாட்டான். அவ வீட்டு வாசலை மிதிச்சா நான் செத்ததுக்குச் சமம். ஒரு எழுத்து மாத்தாம சொல்லு. மாத்தினே, நடக்கிறதே வேற."

"மாத்தாம சொல்லணுமா?"

"ஆமா. அப்படியே."

தலையாட்டிவிட்டுப் போனான். அடுப்படியில் குழாய் திறந்திருந்தது, கூடத்தில் பேசியது காதில் விழவில்லை.

ஜூன் 28, சனி

அப்புறம் அதைப் பற்றி மூச்சே இல்லை. விட்டுவிட்டார். அப்படி வா வழிக்கு.

ஜூலை 2, புதன்

கடை போனுக்கு நாத்தனார் கூப்பிட்டாள். ஒருவருடைய திரைச்சீலைகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தேன், யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டேன்.

"அண்ணி, எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னு நினைச்சேன். மாடி ரூமைத் துடைச்சு வச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு நானே வந்து நிக்கிறேன்."

"நான் ஒத்துக்கிட்டேனா?"

"அண்ணன் சொன்னாரே? புள்ளை நல்லா இருந்தா போதும், அனுப்பிடலாம்னு நீங்க சொல்லி அனுப்பினதா."

கையில் ஊசி ஏறியதுகூடத் தெரியவில்லை. முதலாளியம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடினேன்.

துரை கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

"என்னடா சொன்னே அப்பாகிட்ட? நான் என்ன சொல்லச் சொன்னேன், நீ என்னடா சொன்னே?"

"நீ சரின்னு சொன்னதா சொன்னேன்."

"ஏன்டா?"

"நான் போறேன்மா. எனக்குப் போகணும்."

"அவகிட்டயா? அங்க என்ன இருக்கு உனக்கு?"

"ஒண்ணும் இல்லை. அத்தை எதாவது கேட்டா மாமா பதில் சொல்றாரு. அவ்வளவுதான்." சட்டைக் காலரைத் தடவித் தடவி நேராக்கினான், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. "எனக்கு ஓடி ஓடி அலுத்துப்போச்சும்மா."

பேசுவதற்கு என் வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு!

அந்த மனிதர் அன்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். கூடத்தில் டிவி முன்னால் இருந்தார். துரை கூடத்தைக் கண்ணால் காட்டினான். "இன்னும் டைம் இருக்கு. அனுப்ப வேண்டாம்னு அப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லு. நீ நேரா சொன்னா நான் போகலை. சத்தியமா போகலை."

எழுந்தேன். கூடத்துக்குப் போனேன். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். பின்னந்தலையில் நரை கூடியிருந்தது. அறைக் கதவு திறந்தேதான் கிடந்தது, நாங்கள் பேசியது அவ்வளவும் அவர் காதில் விழுந்திருக்கும். ஏன் திரும்பவில்லை? திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நான் கொட்டிவிடுவேன். திரும்புங்க. திரும்பித் தொலைங்க. வாய் வரைக்கும் வந்தது. நாக்கு எழும்பவில்லை. அந்தப் பந்தி கண்முன்னால் வந்து நின்றது, அந்தச் சிரிப்பு. ஏன் நான்தான் முதலில் பேசவேண்டுமா? அவர் பிள்ளை இல்லையா?

டிவியில் விளம்பரம் முடிந்து செய்தி ஆரம்பித்தது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது துரை பையின் ஜிப்பை மூடியிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

போய்விட்டான். பஸ் ஜன்னலில் இருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கையாட்டல். நானும் அவரும் வேறு வேறு வழியில் வீடு திரும்பினோம்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் அவர் கை கழுவிவிட்டு வந்து, "டேய், அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு எனக்கு—" என்றார்.

அறையில் யாரும் இல்லை. ஈரக் கையோடு கொஞ்ச நேரம் நின்றார். நானும் தட்டைப் பிடித்தபடி நின்றேன். நாளைக்கு அவருக்கு என்ன என்று கடைசி வரை தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

நாத்தனார் போன். அங்கேயும் ஆடுகிறானாம். அவள் பிள்ளையின் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறானாம். "கூப்பிட்டா சாப்பிட வந்துடுறான் அண்ணி, அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றாள். நல்லா வேணும் அவளுக்கு. கண்டிப்பாம், கண்டிப்பு.

போனை வைத்துவிட்டு அழுதேன். இங்கே கூப்பிட்டால் வரமாட்டானே. அவன் என்ன பண்ணுவான், நான் கூப்பிட்டதெல்லாம் சாப்பிடுவதற்கா?

ஜூலை 13, ஞாயிறு

மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தால் அந்த மனிதர் துரையின் அறையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர், அட்டைப்பெட்டி. கம்ப்யூட்டரின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். பிள்ளை உட்கார்ந்து ஆடிய மேஜை மொட்டையாக இருந்தது.

"அதைத் தொடாதீங்க!"

அவர் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார், நான் வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று நினைத்து. யாரும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"என்கிட்டயா?"

"இங்க வேற யாரு இருக்கா? வையுங்க கீழே. அனுப்பினது போதாதா, அவன் இருந்த தடத்தையும் அழிக்கணுமா?"

"அழிக்கிறேனா? அங்க அவன் அடுத்தவன் கம்ப்யூட்டருக்குக் கையேந்திக்கிட்டு நிக்கிறான். கொண்டுபோய்க் குடுக்கலாம்னு பிரிக்கிறேன். அனுப்பச் சொன்னதே நீ!"

"நான் சொல்லலை. போகக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

"என்கிட்ட சொன்னியா?"

"அன்னிக்கு நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னேனே, திரும்பினீங்களா?"

"நீ நிக்கிறது தெரியும். வாயைத் திறப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"வாயை மூடச் சொன்னது யாரு? இருபது பேர் நடுவுல?"

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! ஒன்பது மாதமாக அடைத்து வைத்தது, இரண்டு பக்கமும் மடை திறந்துகொண்டது. சிரிக்கறதுக்குத்தானே சொன்னேன் என்கிறார். சிரிச்சது உங்க தங்கச்சி, அழுதது யாருன்னு பார்த்தீங்களா என்கிறேன். நீயும் எங்கம்மா சாவுக்கு வந்தவங்க முன்னாடி என்னைக் கையாலாகாதவன்னு சொன்னியே என்கிறார். ஆமா, சொன்னேன், அன்னிக்கு அப்படித்தான் இருந்தீங்க என்கிறேன். சாக்ஸ் வந்தது, பாஸ்வேர்ட் வந்தது, மாத்திரை வந்தது. மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் ஒரு நிமிஷம் நிறுத்தினார். "எனக்கும் ஒரு தடவை சொன்னான்டி. என் முட்டிவலிக்கு நீ தைலம் வாங்கி வரச் சொன்னதா" என்றார். அப்படி நான் சொன்னதே இல்லை. அப்புறம் இன்னும் மோசமாகக் கத்தினோம். என் தொண்டை கட்டிப்போய்விட்டது.

நடுவில் என் போன் அடித்தது. துரை.

"அம்மா, யாரு அங்க கத்துறது?"

"உங்கப்பா."

"யாரைத் திட்டுறாரு?"

"என்னைத்தான். வேற யாரை?"

"உன்னையா? நேராவா?"

"பின்னே! அப்புறம் பேசறேன், வை."

"வைக்காதேம்மா." குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீங்க பேசுங்க. நான் நடுவுல ஒண்ணும் சொல்லலை. சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"யாரு?" என்றார்.

"உங்க புள்ளை. வைக்க வேண்டாமாம்."

அவர் போனைப் பார்த்தார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்க விட்டேன்?" என்றார்.

"என் அக்கா மக கல்யாணத்துல."

"ஆங். அன்னிக்கு நீ என்ன பண்ணினே..." என்று ஆரம்பித்தார். நானும் விடவில்லை.